ஏ இரண்டு

உலகக் கோப்பை அட்டவணை
பெரிய தாளில், கலரில்,
பிரதி நாற்பது ரூபாய்.
சலூனுக்கு ஒன்று போயிற்று,
உரக்கடைக்கு இரண்டு.
திருத்துறைப்பூண்டியில்
கரண்ட் இருக்கிற நேரம்தான் எனக்கு வியாபார நேரம்.

சிட்டா எடுக்க வந்த வேதரெத்தினம்
மெஷின் துப்பிய தாளைச் சூடு ஆறுமுன் எடுத்துக்
கண்ணுக்குக் கிட்டே பிடித்தார்.
"இன்னும் ஒரு பந்துகூடப் போடலியே,
அதுக்குள்ள ஏ ஒண்ணு, ஏ ரெண்டா?"

சொன்னேன்.
குழுவில் முதலாவதாக வந்தாலும்
ஏ இரண்டு ஏ இரண்டுதான்.
தட்டுத்தடுமாறி வந்தாலும்
ஏ ஒன்று ஏ ஒன்றுதான்.
டிக்கெட் விற்க வேண்டும்,
விமானத்துக்கு முன்பதிவு வேண்டும்,
எந்த ஊரில் யார் ஆடுவார்கள் என்று
முன்னமே தெரிந்தாக வேண்டும்.

"அப்ப மொதல்ல வர்றதுக்கு
என்னம்மா கூலி?"

அவர் வயல் அரிச்சந்திரா நதியின் வாலில்.
அணை திறந்த படம் பேப்பரில் வந்து
மஞ்சளாகிப்போன பிறகுதான்
அங்கே தண்ணீர் எட்டிப்பார்க்கும்.
இப்போது ஆற்றுக்கு வருவார் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
சில்லறையை எண்ணி வைத்தார்,
சிட்டாவை நான்காக மடித்தார்,
"டிக்கெட்டு விக்கணும்ல" என்றபடி
வெயிலில் இறங்கிப் போனார்.

சாயங்காலம் ஜெகபர் படையோடு வந்தான்.
பதினாறு அணி, நாலு குழு,
முதல் பரிசு கோப்பையும் கிடாவும்.
"போன வருஷம் செமி வந்த நாலு டீமையும்
ஆளுக்கொரு குரூப்ல போட்ருக்கா.
அவனுங்க முதல் நாளே மோதிக்கிட்டா
மூணாம் நாள் யாரு வருவா, கடலை விக்கிறவனா?"

வேதரெத்தினம் இன்னும் கடைக்குள்
நின்றுகொண்டிருந்தார் போலும்.
சீட்டுக் குலுக்கலாம் என்றேன்.

டோனர் வந்த அட்டைப்பெட்டியில்
பதினாறு துண்டு.
விழுந்தது பாருங்கள்:
தில்லைவிளாகம், ஜாம்புவானோடை, இடும்பாவனம்
மூன்றும் ஒரே குழுவில்.
நான்காவதாகக் கச்சனம்.
கச்சனத்துக் கேப்டன் தலையில் கை வைத்தான்.
ஒன்பது பேரும் இரவல் வாங்கிய இருவருமாக ஆடும்
தொண்டியக்காட்டுக்கோ
பால்பாயசம் போல ஒரு குழு.

"இன்னொரு தரம் குலுக்குக்கா."
பிடிக்கும்வரை குலுக்கினால்
அதற்குப் பெயர் குலுக்கல் இல்லை என்றேன்.
என் குரல் எனக்கே
கொஞ்சம் நீதிபதி போலக் கேட்டது.

வாசலில் நின்ற மதியரசன்,
தொண்டியக்காடு,
செருப்பில் உப்பளச் சேறு காய்ந்திருந்தது,
மெல்லச் சொன்னான்:
"எங்கள அந்தக் கஷ்டமான குரூப்லயே போட்டுருங்கக்கா.
வேற எப்ப அவனுங்களோட ஆடப்போறோம்?
மூணு மேட்ச்.
தோத்தாலும் மூணு மேட்ச்."

கச்சனம் அவன் சொல்லி முடிக்குமுன் சரி என்றது.
ஜெகபரும் சரி என்றான்.
நானும் மவுஸில் கையை வைத்துவிட்டேன்.
பிறகுதான் தோன்றியது:
பாயசக் குழுவின் மற்ற மூன்று ஊர்களை
யாரும் கேட்கவில்லை.
எளிதான ஒருவன் போய்
எமன் ஒருவன் வருகிறான் அவர்களிடம்.
கடையில் அவர்கள் இல்லை.
ஃபோன் போட்டேன்.
இரண்டு பேர் எடுத்தார்கள், முணுமுணுத்துச் சம்மதித்தார்கள்.
ஆலத்தம்பாடி எடுக்கவேயில்லை.

இது நியாயமா?
ஏழு மணிக்குக் கரண்ட் போய்விடும்.

மாற்றி அடித்தேன்.
ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒன்று இரண்டு என்று வரும் கட்டத்தை
எல்லோருக்கும் வெற்றாக விட்டேன்.
பிரிண்ட் கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்தேன்.
முதல் ஆட்டம்: தில்லைவிளாகம், தொண்டியக்காடு,
காலை எட்டு மணி.

தொண்டியக்காட்டிலிருந்து முதல் பஸ்
இங்கே வந்து சேர்வதே ஒன்பதேகால்.
எட்டை அழித்துப்
பத்து என்று அடித்தேன்.
அதைப் பற்றி மட்டும்
ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.