எட்டு இடம்

பிள்ளை கீழே இருக்கு, டாக்டர்,
மேலே எதுக்கு வைக்கிறீங்க
என்றாள் தினேஸ்வரி.
ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே
ஒரு மூச்சு வாங்கினாள்.

மணி மூன்று பத்து.
சுங்கை சிப்புட்டில் மழை விட்டுவிட்டுப் பெய்தது.
எக்ஸ்ரே அறை அடுத்த கட்டடத்தில்,
அதன் ஆள் வீட்டில்,
அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது.
ஈப்போவின் பெரிய டாக்டர்
அனுப்பு என்றார், உடனே
அனுப்புற நிலையில இருக்காளா என்றும் கேட்டார்.
எனக்கும் அதுதான் தெரியவில்லை.

ரத்த அழுத்தம் நூற்று எழுபத்தெட்டு.
பாதம் இரண்டும் ஊறிய ரொட்டி.
நாலு மணி நேரத்துச் சிறுநீர்
ஒரு தேத்தண்ணிக் கிண்ணத்துக்குத் தேறாது.
வறண்டு போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.
அரை லிட்டர் உப்புநீர்ப் பை
உறை கிழித்து என் இடது கையில்.

ஸ்கேன் வண்டிக்கு ஒரு சக்கரம் கோணல்.
மிஸி ரொஹானி அதைக் காலால் உதைத்து நேராக்கி
செப்பாட், டாக்டர், செப்பாட் என்றார்.

வலிக்கும் வலிக்கும் நடுவே இரண்டு நிமிடம்.
அதற்குள் எட்டு இடம் பார்க்க வேண்டும்.
படுக்க வைக்க முடியாது, படுத்தால் முட்டுகிறது.
உட்கார்ந்தபடியே அங்கியை விலக்கி
வலது காறையெலும்புக்குக் கீழே
குளிர்ந்த பசையோடு வைத்தேன்.

காய்ந்த நுரையீரல் எனக்குத் தெரியும்.
குளத்துப் படிக்கட்டு மாதிரி
ஒரு கிடைக்கோடு, அதன் கீழே இன்னொன்று,
மங்கிக்கொண்டே இறங்கும்.
பார்க்கச் சலிப்பாக இருக்கும். நல்லது.

இவளிடம் படிகள் இல்லை.
மேல்விளிம்பில் மெல்லிய கோடு
மூச்சுக்கு மூச்சு வழுக்கியது.
அதிலிருந்து நெட்டாக ஒரு வெள்ளைக்கோடு
திரையின் அடி வரைக்கும்.
பக்கத்தில் இன்னொன்று. மூன்று.
பிறகு எண்ண அவசியமில்லாமல் போயிற்று.
வெளியே செம்பனை மேல் பெய்வது
உள்ளேயும் பெய்துகொண்டிருந்தது,
சத்தமே இல்லாமல்.

வலி வந்தது.
ஸ்கேன் பிடித்திருந்த கையையே பிடித்துக்கொண்டாள்.
திரை கலைந்தது. மணிக்கட்டில் அவள் நகம்.
காத்திருந்தேன்.
இடது பக்கம் பார்த்தேன்.
அதே மழை.

பையைக் கீழே வைத்தேன்.
அன்றிரவு நான் செய்த பெரிய காரியம் அதுதான்.
கொடுத்ததை எழுதக் கட்டம் இருக்கிறது,
கொடுக்காததற்கு இல்லை.

மற்றதெல்லாம் வழக்கம்:
நீர் பிரிய ஊசி, முகமூடி,
தலைமாட்டை இன்னும் இரண்டு படி ஏற்றி.
ஈப்போவுக்குச் சொன்னேன்,
ரெண்டு பக்கமும் தண்ணி, சார், இப்ப அனுப்பல.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தரைக்குச் சிறுநீர்ப் பை முக்கால் நிறைந்தது.
மிஸி ரொஹானி தூக்கிப் பிடித்து
சம்பள நாள் சிரிப்புச் சிரித்தார்.
ஆறு ஐம்பதுக்குப் பெண்குழந்தை,
வந்ததும் தும்மியது.
பிறகும் விடவில்லை, மறுபடி எட்டு இடம்.
பிள்ளை இறங்கியதும்
உடம்புக்குள் தண்ணீர் இடம் மாறும்,
ஆபத்து தீர்ந்தது என்று
நாம் கை கழுவும் நேரம் அது.

மறுநாள் பார்த்திபன் வந்தான்,
எண்ணெய் ஆலை இரவு வேலை
சட்டையில் இன்னும் மணத்தது.
படம் இருக்கா, டாக்டர்?
இருந்தது ஒன்றுதான். கொடுத்தேன்.
தலைகீழாகப் பிடித்து முகம் தேடினான்.
மூக்கு எது?
பிள்ளை இல்ல, உங்க வீட்டம்மா. நெஞ்சு.
ராத்திரி மூணு மணிக்கு.
திருப்பிப் பார்த்தான்.
இந்த வெள்ளையெல்லாம்?
தண்ணி.
இப்ப?
இடது அடியில ரெண்டு கோடு மிச்சம்.
அவன் வேறெதுவும் கேட்கவில்லை,
படத்தை மடிக்கலாமா கூடாதா என்று
தெரியாமல் நின்றான்.

கட்டிலிலிருந்து தினேஸ்வரி சொன்னாள்:
அதத் தூக்கிப் போட்டுட்டுப் போய்ப்
பிள்ளைக்குப் பேம்பர்ஸ் வாங்கிட்டு வாங்க,
சின்ன சைஸ் மட்டும்.

பதினொரு சொல்.
நடுவில் எங்கேயும் மூச்சு வாங்கவில்லை.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.