பதினான்காம் மாடிக்கு ஒரு காடு

டேப்பை எடுப்பதற்கு முன்
ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.
அதற்கும் கட்டணம் உண்டு.
வெயில் எந்தச் சுவரில் ஏறி எந்த மூலையில் இறங்குகிறது,
காற்று எந்தக் கதவை முதலில் தட்டுகிறது,
வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றியதும்
எந்தப் பக்கம் திரும்புகிறார்.
பனிமேரி எந்தப் பக்கமும் திரும்பவில்லை.
வாசலிலேயே நின்று சொன்னாள்:
"கடலப் பாத்த மாதிரி மட்டும் சோபா போட்டுடாதம்மா."

காசிமேட்டில் இரண்டு ஐஸ் ஃபேக்டரி அவளுக்கு.
தண்டையார்பேட்டையில் இந்தப் பதினான்காம் மாடி;
விற்றவன் ஜன்னலைக் காட்டித்தான் விலை சொல்லியிருந்தான்.
எத்தனை போட், எத்தனை பார், யார் பாக்கி,
கடல் அவளுக்கு ஒரு கணக்கு நோட்டு.
"வேல முடிஞ்சு வந்து மறுபடி ஆபீஸையா பாக்கறது?
எனக்குக் காடு வேணும்."

சரி, காடு.
மூலக்கடை கோடவுனில் பச்சை நரம்போடிய மார்பிள்,
ஐந்து பலகையில் தண்ணீர் தெளித்துத் தேர்ந்தேன்,
நனைந்தால்தான் கல் உண்மை சொல்லும்.
தேக்குக்குப் பாலிஷ் வேண்டாம், எண்ணெய் போதும் என்று
மஹிபாலோடு மூன்று நாள் சண்டை.
சாயமேற்றாத லினன்.
ஹால் சுவர் முழுக்கப் பாசி:
பனிதேசத்திலிருந்து பெட்டியில் வந்தது,
கிளிசரின் குடித்துச் செத்தது,
தண்ணீர் கேட்காது, வளராது, உதிராது.
பில்லில் அதற்கு 'உயிர்ச்சுவர்' என்று போட்டேன்.

உயிருள்ளவை மூன்றாம் வாரம் கறுத்தன.
பதினெட்டுத் தொட்டி. எல்லாம் அகன்ற இலைகள்.
தண்ணீர் அதிகம் என்று நர்சரிக்காரனைத் திட்டினேன்,
வெளிச்சம் போதவில்லை என்று திரைச்சீலையை மாற்றினேன்.
வீட்டு வேலைக்கு வரும் ஷகிலா
ஈரத்துணியால் ஓர் இலையைத் துடைத்து
துணியை என் முகத்துக்கு நேரே விரித்தாள்.
"எங்கூட்டுச் சோத்துப்பானை மேலயும் இதான் மேடம்."
துறைமுகத்துக் கரி, எண்ணூர்ச் சாம்பல்,
நகராத கன்டெய்னர் லாரிகளின் புகை:
என் வண்ண அட்டையில் இல்லாத நிறம்.
அட்டைக்குத் தெரியாது, சரி.
நான் பிறந்தது கொருக்குப்பேட்டையில்.

பனிமேரி கோபப்படவில்லை. காரில் ஏறு என்றாள்.
ஃபேக்டரியில் காலடியில் உமி, மூக்கில் அம்மோனியா.
கிரேன் தூக்கிய டப்பா கவிழ
என் உயரத்துக்கு ஒரு பார்
வழுக்கி வந்து நின்றது.
ஓரமெல்லாம் கண்ணாடி.
நடுவில் மட்டும், தண்டுவடம் மாதிரி, பால் வெண்மை.
"அது கடைசியா உறையற தண்ணி.
காத்தெல்லாம் அங்கதான் போயி ஒளியும்.
எனக்கு அதுல மரம் தெரியும்."
குனிந்து பார்த்தேன். கிளைகள் இருந்தன.
ஒரு பையன் கொக்கியோடு வந்து
அதை இழுத்துப் போய் அரவை மிஷினில் தள்ளினான்.

பாசியைக் கழற்றினோம், என் செலவில்.
சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, அரைத்து,
ஆறு பூச்சு பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து
ஓரங்களில் ஈரம்போல ஒரு மினுக்கு.
நடுவில் மட்டும் தேய்க்காமல் விட்டோம்.
"முடியலையா இன்னும்?" என்றான் மஹிபால்.
தொட்டிகளில் மூன்றை வைத்துக்கொண்டேன்,
தினம் இலை துடைக்க ஷகிலாவுக்குத் தனிச் சம்பளம்
என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கி.

கடைசித் தவணை கேட்கப் போன அன்று
ஐப்பசி மழை. ஜன்னல் திறந்தே கிடந்தது.
கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
சுவரைப் பார்த்தபடி
போனில் யாரையோ வசூலுக்குத் திட்டிக்கொண்டிருந்தாள்.
இரு என்று கை காட்டினாள். இருந்தேன்.
லினனில் மீன் வாடை ஏறியிருந்தது.
கீழே, எங்கோ, ஓர் எஞ்சின் இருமி நின்றது.
"ஜெரோம் போட்டு," என்றாள் திரும்பாமலே,
"நாலு மாசம் பாக்கி."
என் பில் இன்னும் கைப்பைக்குள் இருந்தது.