முதலில் விழுவது

நைலோனைக் கரைக்கப் போமிக்கமிலம்.
மூடியைத் திறந்தால் மூக்கு ஓரடி பின்வாங்கும்.
கட்டெறும்பை நசுக்கிய விரலின் நெடி,
போத்தல் கணக்கில்.

குருநகரிலிருந்து எமிலியான்
இரண்டு உரப்பையில் இரண்டு வலைத்துண்டு கொண்டுவந்தார்.
ஒன்று நாலு மாதம் கடல் கண்டது.
மற்றது ஈயம் கட்டாதது, வெயில் படாதது,
கடைச் சீட்டு இன்னும் ஒட்டியபடி.
"வெயிலில காயப்போட்டது என்ர பிழையாம், பிள்ளை.
யாழ்ப்பாணத்தில நிழல் எவ்வளவு விலையெண்டு
அவனையே கேட்டுச் சொல்லுங்கோ."

சங்கிலிகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் இயந்திரம்
திருநெல்வேலியில் எங்கள் ஆய்வுகூடத்தில் இல்லை.
கொழும்பில் உண்டு. வரிசையும் உண்டு.
எனக்குக் குடுவை, துளிக்குழாய், தண்ணீர்,
பொறுமை என்று வெளியில் சொல்லிக்கொள்ளும்
ஒரு பிடிவாதம்.

கரைந்து கிடக்கும் நைலோனுக்குள்
துளித்துளியாகத் தண்ணீர் விடவேண்டும்.
தண்ணீர் அதற்கு ஆகாது.
ஆகாததை முதலில் உணர்வது நீளமானவை;
உடம்பு பெரிது, படுகிற இடமும் கூட.
அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு
கரைசலை விட்டு இறங்கும்.
குட்டைகள் கடைசிவரை உள்ளே நின்று சமாளிக்கும்.

நல்ல நூலொன்றில் பழகிப் பார்த்தேன்.
ஒன்பதாம் துளியில்
அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர்போல்
ஒரு கலங்கல்.
வலையின் பாரத்தைத் தாங்குபவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்,
ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, விட்டுக்கொடுக்காமல்.
குட்டைகளை இழுத்தால்
"போட்டு வாறம்" என்று வழுக்கிப் போய்விடும்.
சராசரி என்ற ஒற்றை எண்ணில் இது தெரியாது.
சராசரி மரியாதை தெரிந்தது,
எல்லோரையும் ஒரே பாயில் இருத்தும்.

கடல் கண்ட துண்டில் பதினேழாம் துளிவரை ஒன்றுமில்லை.
பதினெட்டில் ஏதோ மங்கியது.
அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
தொட்டி நீர் இருபத்தைந்திலிருந்து
இருபத்தெட்டு, இருபத்தொன்பது.
மங்கியது தெளிந்தது.
சூடேறினால் விழுந்தவை எழுந்து
மறுபடி கூட்டத்துக்குள் கலந்துவிடும்.
மூன்று மணிநேர வேலை,
கண்ணாடிபோல் சுத்தமாக, என்னைப் பார்த்துக்கொண்டு.

நிரோஜினி ஜெனறேற்றரைக் கேட்கப் போனாள்.
டீசல் மருத்துவபீடத்துக்கு மட்டுமாம்.
வாசலில் இருந்த எமிலியான்
என்ன வேணும் என்று கேட்டார்.
"குளிர்."
சைக்கிளை எடுத்தார்.

திரும்பியபோது கரியரில் றெஜிபோம் பெட்டி.
மீன்வாடி ஐஸ், செதிலும் சேர்த்து.
தொட்டிக்குள் ஒவ்வொரு சில்லாக அவரே போட்டார்;
வெப்பமானியை நான் வாசிக்க
"இப்ப? இப்ப?" என்று
வலை வளைக்கும் ஆள்போலக் கை நிறுத்தி நிறுத்தி.
இருபத்தைந்து, அரைப் பாகைகூட அசையவில்லை.
பாரைமீன் மணமும் எறும்பு மணமும்
ஒரே அறையில்.

வெயில் படாத துண்டு.
ஒன்பது. ஒன்றுமில்லை.
பன்னிரண்டு. பதினைந்து.
பதினெட்டில் அதே மங்கல்,
அதே சோம்பல்,
கடல் கண்ட அண்ணனின் அச்சு.

இரண்டு மாலை எடுத்து நிறுத்துப் பார்த்தோம்.
நல்ல நூலில் முதலில் விழுந்தது அறுபத்திரண்டு மில்லிகிராம்.
இதில் கடிகாரக் கண்ணாடியில் ஒட்டியது நாலு.

அறிக்கையில் "ஏமாற்று" என்று எழுத
எனக்கு உரிமை இல்லை.
"உயர் மூலக்கூற்றுத் திணிவுப் பகுதி
பாவிக்காத மாதிரியிலும் மிகக் குறைவு."
எமிலியான் அதை விரலால் தடவித் தடவி வாசித்தார்.
"தமிழில சொல்லுங்கோ."
தமிழில்தான் எழுதியிருந்தேன்.
"நீளமானது இல்லை, ஐயா."
"வெயில் திண்டதோ?"
"வெயில் வர முதலே இல்லை."

சீட்டு ஒட்டிய துண்டின் ஓர் இழையை
கடைவாயில் வைத்துக் கடித்தார்.
"ம்," என்றார்.
"வாங்கேக்கையே பல்லுக்குப் பட்டது.
பல்லுச் சொன்னதை ஆர் கேக்கிறது?
இதுக்கு முத்திரை குத்தித் தருவியளோ?"

குத்தினேன். ஊதா மை இரண்டு இடத்தில் இழுபட்டது.
கடதாசியை நாலாய் மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்தார்.
பெட்டியைக் கேட்டார், விடிய வேண்டுமாம்.
அவர் இறங்கிப்போன படிகளில்
ஐஸ்தண்ணி சொட்டுச் சொட்டாய்.
எண்ணத் தொடங்கியிருந்தேன்.
ஒன்பதில் நிறுத்திவிட்டேன்.