மேசையின் நான்காவது கால்

கோப்பு எண் நூற்றுப் பதினேழு.
விண்ணப்பதாரர் ரங்காத்தாள். கணவர் பெயர் கட்டம் காலி.
தொழில்: லாட்டரிச் சீட்டு, சில்லறை விற்பனை.
ஏஜென்சி பாலக்காட்டில் வாங்கியாயிற்று,
கடைக்கு மட்டும் பஞ்சாயத்து உரிமம் வேண்டும்.
கடை, ஆறடிக்கு நாலடி.
முன் அனுபவம் என்ற இடத்தில்
பேனாவை அழுத்தி எழுதியிருந்தாள்:
இருபத்திரண்டு வருஷம், வாங்கி.

சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை ஓமனா
என்னவென்று கேட்டாள்.
மலையாளத்தில் சொன்னபோது
அந்தச் சிரிப்பு வரவில்லை.

வேலந்தாவளத்தில் ஒரே தெருவுக்கு
ரெண்டு சட்டம்.
செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
சீட்டென்றால் அரசு முத்திரை, நாற்பது ரூபாய்.
பத்தெட்டு தள்ளி நின்று
அதே சீட்டை விற்றால் வழக்கு.

இரண்டு முறை திருப்பி அனுப்பினேன்.
முதலில், பக்கத்துக் கட்டடக்காரர்
ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவில்லை.
அடுத்து, வரைபடத்தில் வடக்கு எதுவென்று குறிக்கவில்லை.
மூன்றாம் முறை வடக்கோடு வந்தாள்,
அம்புக்குறி பக்கத்தில் ஒரு பனைமரமும் போட்டு.
"அடையாளத்துக்குங்க.
அம்பை அழிச்சாலும் மரம் நிக்குமுங்க."

அதே வாரம்தான்
மனமகிழ் மன்றத்தின் மனு வந்தது.
எட்டு வட்ட மேசை, நாற்பது நாற்காலி, ஏசி.
உறுப்பினர்களின் மன அமைதிக்காகச் சீட்டாட்டம்.
அந்த வரைபடத்தில் வடக்கு இல்லை.
தெற்கும் இல்லை.
மதியச் சாப்பாட்டு மணிக்கு முன்பே
என் கையெழுத்து அதன் அடியில் காய்ந்துவிட்டது.
இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.
யாராவது கேட்டால் கோப்பு சொல்லும்.

சனிக்கிழமை இடம் பார்க்கப் போனோம்.
ஓவர்சியர் பிரகாசன் டேப்பின் ஒரு முனை,
மறுமுனை அவள்.
கணவாய்க் காற்று இடையில் புகுந்து
டேப்பை உறுமவைத்தது.
பார்த்தீனியத்தை விலக்கி
சர்வே கல்லைக் காட்டினான் பிரகாசன்,
தலையில் யாரோ வெற்றிலை துப்பியிருந்தார்கள்.
அங்கிருந்து நூல் பிடித்தால்
மேசையின் மூன்று கால் கேரளம்.
நான்காவது
ஒரு சாண் தமிழ்நாடு.

பிரகாசன் என்னைப் பார்த்தான்.
நான் கல்லைப் பார்த்தேன்.
அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.
ஒரே இழு.
மண்ணில் நாலு கோடு.
"இப்பப் பாருங்க சார்,
முழுசும் உங்க சர்க்காருதான்."

நாற்காலி மட்டும் அந்தப் பக்கமே நின்றது.
சுட்டிக் காட்டினேன்.
"உக்கார்றதுக்குமாங்க லைசென்ஸு?"
விதிப்புத்தகத்தில் தேடினேன். சொல்லவில்லை.

மார்ச் முப்பத்தொன்று வரை செல்லும் என்று
உரிமம் கொடுத்தேன்.
எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும்,
நிபந்தனை எட்டு.
மாட்டியிருக்கிறாள்.
பொள்ளாச்சிச் சந்தையில் மாடு விற்ற காசோடு வருகிறவர்
அதைப் பார்ப்பதில்லை.
நைட் ஷிப்ட் முடிந்து கண் சிவந்த மில் பெண்
கடைசி எண் ஏழு இருக்கா என்கிறாள்.
ஒருவர் மட்டும் ஒரு மாதிரி,
சீட்டை முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பார்.

மூணு மணிக்குக் குலுக்கல்.
இரண்டே முக்காலுக்கு அவள் மிச்சத்தை எண்ணுவாள்.
பதினொன்று. சில நாள் முப்பது.
விற்காமல் நின்றது
கடைக்காரி வாங்கியதாகக் கணக்கு.
ஆக,
இது இருபத்துமூன்றாம் வருஷம்.

ஒரு வெள்ளிக்கிழமை நாற்பது ரூபாயை நீட்டினேன்.
வாங்கவில்லை.
"உங்களுக்கு வேண்டாங்க.
விழுந்தா லஞ்சம்னு சொல்லுவாங்க."
விழாவிட்டால்?
"விழாட்டி
அடுத்த வருஷம் மறுபடி
வடக்கு எங்கேன்னு கேப்பீங்க."