இரண்டு ஹவுசிங்

நகத்தால் தடவிப் பார்த்தேன்.
ஸ்பார்க் பிளக் துளை ஓரம் தட்டியது.
வழவழவென்று போயிருக்க வேண்டிய இடம்.

செக்காலை ரோட்டில் அன்று
பிஸ்டன் இல்லாத எஞ்சினைப் பார்க்க
பதினோரு பேர் வந்தார்கள்.
முக்கோண ரோட்டரை
நிலக்கடலைத் தோடு மாதிரி இடுப்பு ஒடுங்கிய
ஹவுசிங்குக்குள் வைத்துச் சுற்றிக் காட்டினேன்.
மூன்று முனையும் ஒரே சுவரை
விடாமல் உரசிக்கொண்டே போயின.
"பாகம் பிரியாத பங்காளிங்க மாதிரி"
என்றார் டீக்கடைக்காரர்.

பாகம் பிரிந்துதான் வந்தது இந்தக் கார்.
பள்ளத்தூர் வீட்டில்
ஆளுக்கொரு கட்டு எடுத்தது போக
தார்ப்பாய் மூடிய ஒன்று
யாருக்கும் வேண்டாததால் சிகப்பிக்கு வந்தது.
தேவகோட்டையில் ஆடிட்டர்.
கையில் அப்பாவின் கணக்கு நோட்டு.

சொன்னேன்:
புதுசு ஜப்பானிலிருந்து வரணும்.
சுங்கவரியோடு சேர்த்தால்
உங்கள் வீட்டு நிலைக்கதவை விற்கும் விலை.
நான்கு மாதம்.
மறுபூச்சு என்றால் கோயம்புத்தூர், கணபதி.
பழைய குரோமைச் சுரண்டிவிட்டு
பொடியைத் தீயில் உருக்கித் தெளித்து
வைரக்கல்லால் தேய்த்துத் தருவார்கள்.
மூன்று வாரம், கால்வாசிப் பணம்.
ஆனால் பூச்சுக்கும் சீலுக்கும் ஜாதகம் சேரணும்.
சேராவிட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

"முட்டைச் சுண்ணாம்பு பூசிடலாமேண்ணே,
நூறு வருஷம் நிக்குமே" என்றான் ரவூப்.
அந்தச் சுவரை யாரும்
நிமிஷத்துக்கு ஏழாயிரம் தடவை உரசுவதில்லைடா.

சிகப்பி நோட்டைத் திறந்து வாசித்தார்.
"தொண்ணூற்றெட்டு, ஈப்போ.
ஹவுசிங் இரண்டு. புதுசு."
ரிங்கிட் தொகை, கீழே கையெழுத்து.
"அதனால புதுசே போடுவோம். அப்பா வழக்கம் அது."

பெயர்ந்த இடத்தில் லென்ஸை வைத்தேன்.
கம்பெனி குரோம் என்றால்
உரிந்த இடத்தில் இரும்புத் தகடு தெரியும்.
தெரிந்தது மங்கிய சாம்பல்,
அதன் விளிம்பில் இன்னொரு விளிம்பு,
ஓரத்தில் கல் சுற்றிய கோடுகள்.
லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
பிறகு இரண்டாவதையும்.

"இது அப்பவே பூசினது மேடம். ரெண்டும்."

கம்ப்ரஸர் அப்போதுதான் நின்றிருந்தது.
அவர் நோட்டின் முன்பக்கம் போனார்,
திரும்ப வந்தார்.
"ஏமாந்திருக்கார்" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இல்ல, ஏமாத்தியிருக்கார்.
பாதிப் பணம் பெரியப்பாவோடது."
இரண்டில் எது என்று
மைக்ரோமீட்டர் சொல்லாது.
நானும் சொல்லவில்லை.

"அதுக்கப்புறம் எவ்வளவு ஓடியிருக்கு?"
நோட்டில் அன்றைய கிலோமீட்டர் இருந்தது.
மீட்டரைப் பார்த்துக் கழித்தோம்.
அறுபத்திரண்டாயிரத்துச் சொச்சம்.
அவர் சிரித்தார்.
இவ்வளவு நேரத்தில் முதல் தடவை.

"அப்போ ரெண்டையும் பூசிடுங்க."
முடியாது.
முன்னது தாங்கும்.
பின்னது எப்போதோ தண்ணீர் வற்றிச் சூடேறி
பிளக் பக்கம் அகலம் குறைந்து கிடக்கிறது.
பூச்சு உள்சுவருக்குத்தான்;
ஒடுங்கிய அகலத்தை இழுத்துத் தராது.

"சரி. ஒண்ணு பூச்சு, ஒண்ணு புதுசு.
பில்லில் தனித்தனியா போடுங்க.
எது எதுன்னு எழுதி."

எழுதினேன்.
ஆனால் பில் தொலையும்.
அடுத்து எவன் திறந்தாலும் தெரியட்டும் என்று
முன்னதைப் பெட்டியில் வைக்குமுன்
வெளி விளிம்பில் உளியை வைத்து
நேர்க்கோடு மூன்று அடித்தேன்:
ப.

ரவூப் எட்டிப் பார்த்தான்.
"புதுசுக்கும் அதானேண்ணே முதல் எழுத்து?"

வளைவு போட எங்களிடம் உளி இல்லை.
எண் பஞ்ச் இருந்தது.
பக்கத்தில் தேதியை அடித்தேன்.