எட்டாத பிரேக்

முன்னால் நீட்டிய கால்கள்
சாய்வு நாற்காலியில் கிடப்பவனுடையவை.
என் உயரத்துக்கு ஒவ்வொரு கியரும்
எக்கிப் பறிக்கும் முருங்கைக்காய்.

அரசரடிப் பட்டறையில் கமாலுதீன்
பிரேக் கம்பியை ஒரு சாண் அறுத்தான்.
"வித்தா விலை போகாதுக்கா."
போகாட்டிப் போகுது.
இடுப்பு ஏற்கனவே போயாச்சு.

ஃபுட்பெக் இப்போது முட்டிக்கு நேர் கீழே.
நாகமலைப் பள்ளங்களில்
எழுந்து நிற்கலாம்; நின்றேன்,
புளியங்கிளைகள் தோளளவு இறங்கின.

திரும்புகையில் கோரிப்பாளையத்தில்
ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது.
வலது கால் பழைய இடத்துக்குப் பாய்ந்து
வெறுங்காற்றை மிதித்தது.
கைப்பிரேக்தான் காப்பாற்றியது.

ஆட்டோக்காரர் என்னைத் திட்டினார்.
எனக்குக் காலைத் திட்ட மனசில்லை.
மூன்று வருஷம் எட்டி எட்டிப் பழகியது,
பக்கத்தில் வந்ததை நம்ப
இன்னும் ரெண்டு சிக்னல் ஆகும்.