நூலளவு

மைனஸ் முப்பத்தொன்று என்றது வானொலி.
நாளை பள்ளிப் பேருந்து ஓடாது.
ஓட்டுகிற எனக்குச் சம்பளமும் ஓடாது.

வீட்டுக்காரர் மிலோ பென்ஹேல்
மூன்றரை மணி நேரத் தொலைவில், பில்லிங்ஸில் இருந்து
அனுப்பிய சேதி ஒரே வரி:
"குழாயை நூலளவு ஒழுக விடு, வெல்டா."
ஒழுகும் நூலுக்கு யார் காசு
என்று எழுதவில்லை.

ஒழுக விட்டேன்.
பாத்திரத் தொட்டிக்குக் கீழிருந்த கதவுகளையும் திறந்து
சலவைத்தூள், எலிப்பொறி, ஒற்றைக் கையுறை
எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டேன்.
சூடு உள்ளே போக வழி வேண்டுமாம்.
வளைந்த குழாயைத் தொட்டால்
காய்ச்சல் ஏறும் முன்
குழந்தையின் பாதம் மாதிரி ஜில்லென்று.

மலையைக் குடைந்து செம்பு எடுத்து
ஊர் உலகத்துக்கெல்லாம் கம்பி அனுப்பிய ஊர் இது, பியூட்.
என் சுவருக்குள் வந்து சேர்ந்தது அரை அங்குலம்.
அதுவும் என்னுடையதல்ல.
ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன்:
குழாய் அவருடையது.
உறைந்தால் பொறுப்பு என்னுடையது.

பதினொன்றரைக்குத்தான் உறைத்தது,
என் தண்ணீர்
டுவேனின் அடுக்களைச் சுவர் வழியே வருகிறது.
டுவேன் ரடாகோவிச், மறுபாதி வீடு.
அரிசோனாவில் தங்கைக்குக் கல்யாணம்.
கிளம்பும்போது சிரித்தபடி சொன்னான்:
"ஹீட்டரை அணைத்தாயிற்று. எண்பது டாலர் மிச்சம்."
கெட்டிக்காரன் என்று நானும் சொல்லிவைத்தேன்.

சுவரில் காதை வைத்தேன்.
அந்தப் பக்கம் சின்னதாக ஒரு 'டிக்'.
பிறகு ஒன்றுமில்லை.
என் நூல் மெலிந்தது.
சொட்டானது.
சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே எண்ணினேன்:
நான்கு. ஒன்பது. பதினேழு.

பனிக்கட்டி குழாயை உடைப்பதில்லையாம்.
கட்டிக்கும் மூடிய வாய்க்கும் நடுவே
போக இடமில்லாமல் சிக்கிய தண்ணீர்தான் உடைக்குமாம்.
பேருந்தின் கடைசி இருக்கையில்
வாயே திறக்காமல் வரும் இரண்டு பிள்ளைகளை
எனக்குத் தெரியும்.

நிலவறைக்கு இறங்கினேன்.
எனக்கு முன் குடியிருந்த யாரோ
உத்தரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
'மெயின் வால்வு இதுதான்.
வலப்பக்கம் திருகு. முழுபலம் வேண்டும்.
மிலோவை நம்பி உட்காராதே.'
வால்வைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்,
அவசரத்துக்குக் கை பழகட்டும் என்று.

டுவேனைக் கூப்பிட்டேன். பின்னால் அக்கார்டியன் கேட்டது.
"சாவி?"
"மிலோவிடம்."
"ஜன்னல்?"
கொஞ்சம் இழுத்தான்.
"குளியலறை ஜன்னல். கொக்கி பேருக்குத்தான்."

குப்பைத் தொட்டிமேல் ஏறி
ஐம்பத்திரண்டு வயதில்
திருடிபோல் ஒரு வீட்டுக்குள் விழுந்தேன்,
கையில் ஹேர் டிரையரோடு.
முதலில் அவன் குழாயைத் திறந்துவைத்தேன்.
ஹீட்டரை முடுக்கினேன்.
வாயிலிருந்து பின்னோக்கிச் சாண் சாணாகச் சூடு காட்டினேன்.
அவன் குடிக்காமல் விட்டுப்போன காப்பி
கரண்டியோடு உறைந்திருந்தது.
கரண்டியைத் தூக்கினால்
கோப்பையும் கூடவே வந்தது.

மூன்று மணிக்கு ஒரு இருமல்.
பழுப்பாய் ஒரு துப்பல்.
அப்புறம் தண்ணீர்.

இளகும்போதுதான் விரிசல் தன்னைக் காட்டும்.
ஆகவே விடியும்வரை
யாரோ ஒருவன் வீட்டின் தரையில்
யாரோ ஒருவரின் சுவருக்கு
டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.
ஈரம் இல்லை.
இதுவரை இல்லை.

காலையில் மிலோ: "எல்லாம் சரிதானே?"
மூன்று தடவை எழுதி அழித்துவிட்டு
நானும் ஒரே வரி அனுப்பினேன்:
"நூலுக்கு ஒரு டாலர் நாற்பது, வாடகையில் கழித்துக்கொள்கிறேன்."